பதில் வந்த தேதி: ஒரு ஜெப டைரியைப் பதினான்கு மாதம் எழுதிப் பார்த்த பிறகு

கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. 22 வருடமாக மற்றவர்களின் வரவு செலவை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மேலாளர் சொன்ன ஒரு வரி இன்னும் காதில் இருக்கிறது: “வவுச்சர் இல்லையா? அப்படியானால் அந்தச் செலவு நடக்கவே இல்லை.” போன வருடம் அக்கா ஒரு ஜெப டைரியைப் பரிசாகக் கொடுத்தாள். திறந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். ஜெபித்த தேதி, விண்ணப்பம், பதில் வந்த தேதி. அட, இது நமக்குத் தெரிந்த வேலைதானே என்று சந்தோஷமாக இருந்தது.

பதினான்கு மாதம் எழுதியாகிவிட்டது. வாங்கலாமா என்று சபையில் இரண்டு பேர் கேட்டார்கள். நின்றபடி சொல்ல முடிகிற பதிலாக இல்லை, அதனால் எழுதுகிறேன். யார் போட்ட டைரி என்பதைச் சொல்லப்போவதில்லை. இந்த வகை டைரிகளில் அட்டையின் நிறம் மாறும், உள்ளே ஏறக்குறைய இதேதான்.

முதலில் பொருளைப் பற்றி. கரும்நீலக் கெட்டி அட்டை, தையல் போட்ட கட்டு. நடுவில் திறந்து மேசையில் வைத்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்கிறது. இது பெரிய விஷயம். ஒரு கையால் டைரியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினால் ஜெபத்தில் பாதிக் கவனம் கட்டைவிரலுக்குப் போய்விடும். தாள் கொஞ்சம் மெல்லியது. ஜெல் பேனாவில் எழுதினால் மறுபக்கம் தெரிகிறது. பந்துமுனைப் பேனா என்றால் பிரச்சினை இல்லை. அடையாள நாடா இரண்டே மாதத்தில் நுனி பிரிந்து குஞ்சமாகிவிட்டது. நுனியில் பசை வைத்து ஒட்டினேன், இன்றுவரை தாங்குகிறது. பின்பக்கம் ஒரு வருடத்தில் வேதத்தை வாசித்து முடிக்கும் அட்டவணை இருக்கிறது. 66 புத்தகம், 1,189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு. ஒரே ஒரு நாள்கூட ஓய்வு விடாத அட்டவணை. யாருக்கும் காய்ச்சலே வராது என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். நான் லேவியராகமத்தில் பின்தங்கியவள், இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை.

அச்சுப்பிழை ஒன்று. நான்காம் மாதத்தின் ஒரு பக்கத் தலைப்பில், “உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்” என்ற வசனத்தைப் போட்டு, கீழே சங்கீதம் 37:50 என்று அச்சடித்திருக்கிறார்கள். 37-ஆம் சங்கீதத்தில் மொத்தமே 40 வசனம்தான். 37:5-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பூஜ்யம் கூடினால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் கேட்டுப்பாருங்கள்! ஆனால் அந்தப் பிழையினால் எனக்கு ஒரு லாபம் உண்டு. எந்த வசனம் என்று தேடப்போய், விளக்கவுரையும் வாசித்தேன். “ஒப்புவித்து” என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது “உருட்டிவிடு” என்ற பொருளுள்ள சொல். தூக்க முடியாத பாரத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை, உருட்டினால் போதும். கழுத்து வலி உள்ள எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சரி, கட்டத்துக்கு வருகிறேன்.

முதல் மூன்று மாதம் நான் இந்த டைரியின் பரம ரசிகை. தினமும் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து எழுதுவேன். எழுதினால் ஜெபம் அலையாது, இது உண்மை. “ஆண்டவரே, எல்லோரையும் ஆசீர்வதியும்” என்று காற்றில் வீசுவதை விட்டுவிட்டு, யாருக்கு, எதற்கு என்று யோசிக்க வைக்கிறது. மூன்று மாத முடிவில் 41 விண்ணப்பங்கள் எழுதியிருந்தேன். அதில் 26-க்கு மூன்றாவது கட்டத்தில் தேதி விழுந்திருந்தது. மாதக் கடைசியில் ஒரு பக்கம் இருக்கும்: “இந்த மாதம் தேவன் செய்தவை”. அதன் அடியில் எண்ணிக்கை எழுத ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டியில் எண்ணை எழுதும்போது வருட முடிவில் ஐந்தொகை சரியாக விழுந்தால் வருமே, அந்தத் திருப்தி.

பிறகு ஒரு நாள் சும்மா புரட்டிப் பார்த்தபோதுதான் என் கண்ணில் பட்டது. அந்த 26 என்னென்ன? “காணாமல் போன கோப்பு கிடைக்க வேண்டும்.” பத்து நிமிடத்தில் கிடைத்தது. “நாளைக் கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும்.” முடிந்தது. “இருமல் நிற்க வேண்டும்.” இருமல் என்றைக்காவது நிற்கத்தானே செய்யும்? ஆனால் முதல் வாரத்தில் எழுதிய ஏழாம் எண், “தம்பி என்னோடு பேச வேண்டும்”, அப்படியே வெறுமையாக இருந்தது. அப்பாவின் கடைசி நாட்களில் யார் என்ன செய்தோம், செய்யவில்லை என்பதில் வந்த பேச்சு. அவன் என்னோடு பேசி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதினொன்றாம் எண்ணும் வெறுமை. இருபதாம் எண்ணும் வெறுமை.

எனக்கே தெரியாமல் நான் செய்துகொண்டிருந்தது இதுதான்: சீக்கிரம் தீர்ந்துவிடும் காரியங்களாகப் பொறுக்கி எழுத ஆரம்பித்திருந்தேன். வெற்றுக் கட்டங்கள் அதிகமானால் பக்கம் பார்க்க நன்றாக இருக்காது. ஆண்டவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று அவருக்காக நான் கணக்கைச் சோடித்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய பேரேட்டில் இதைப் பார்த்திருந்தாலும் முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பேன்.

டைரியைக் குறை சொல்லலாமா என்றால், பாதி சொல்லலாம். முகவுரையில் நான்கு பக்கத்துக்கு ஜார்ஜ் முல்லரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1836-இல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்து, பிறகு ஆஷ்லி டவுனில் பெரிய கட்டடங்களைக் கட்டி, வாழ்நாளில் ஏறக்குறைய 10,000 பிள்ளைகளைப் பராமரித்தவர். தேவைகளை மனிதரிடம் சொல்லிக் கேட்காமல் ஜெபத்தில் கேட்பது என்று வைத்துக்கொண்டவர். ஜெபங்களையும் பதில்களையும் குறித்து வைத்தவர். 1898-இல் 92 வயதில் இறந்தார். இவரைக் காட்டி, நீங்களும் எழுதுங்கள், உங்களுக்கும் நடக்கும் என்கிறது முகவுரை. அவர் எழுதினதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாம் வாசிப்பது முடிந்துபோன கணக்கு. அந்த 92 வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மத்தியானத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கத்தில் மூன்றாவது கட்டம் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். முகவுரை அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

இன்னொரு குறை, பக்கத் தலைப்பு வசனங்கள். எல்லாமே வாக்குத்தத்தம். நான் உட்கார்ந்து பார்த்தேன், புலம்பல் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு வசனம்தான் வருகிறது, அதுவும் “அவைகள் காலைதோறும் புதியவைகள்”. 13-ஆம் சங்கீதம் இருக்கிறதே, ஆறே வசனம், அதில் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை “எதுவரைக்கும்” என்று தாவீது கேட்கிறான். அதிலிருந்து ஆரம்பத்தை விட்டுவிட்டுக் கடைசி வசனத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். 88-ஆம் சங்கீதம் கிட்டவே வரவில்லை. அது எந்த ஆறுதலும் இல்லாமல், சிநேகிதனும் தூரமாகிவிட்டான் என்று சொல்லி நின்றுவிடும். அதையும் ஒருவர் எழுதி, அதையும் ஜனங்கள் ஆராதனையில் பாடியிருக்கிறார்கள். ஒரு ஜெப டைரியில் அதற்கு ஒரு பக்கத் தலைப்பு கொடுத்திருக்கலாம்.

அட்டையில் பொன் எழுத்தில் இருப்பது எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இந்த வசனத்தோடு எனக்கு ஒரு கதை இருக்கிறது.

ஐந்தாம் மாதம் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கைக்கு ஆறு நாள். அந்த வாரம் எங்கள் ஜெபக்குழுவில் இன்னொரு சகோதரியும் இதேபோல ஒரு பரிசோதனை அறிக்கைக்காகக் காத்திருந்தார். நாங்கள் இருவரும் நல்ல சிநேகிதிகள். ஒருவருக்கொருவர் தினமும் காலையில் அட்டை வசனத்தை அனுப்பிக்கொண்டோம். குழுவில் எல்லோரும் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்லி ஜெபித்தார்கள். அதே வாரம், அதே வசனம், அதே ஜெபம்.

எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அவருக்கு இருக்கிறது என்று வந்தது.

என் டைரியில் 58-ஆம் எண்ணுக்கு எதிரே தேதியைப் போட்டுப் பக்கத்தில் ஸ்தோத்திரம் என்று இரண்டு தடவை எழுதியிருந்தேன். அறிக்கை வந்த அன்று சாயங்காலமே எழுதியது. அவருடைய செய்தி எனக்குத் தெரிந்தது மறுநாள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் போதகர் என் பெயரைச் சொன்னார். எழுந்து நின்றேன். மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நிஜமான சிரிப்பு. எனக்கு வாய் வரவில்லை. “கர்த்தர் நல்லவர்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொன்னதே சரியா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போனேன்.

பிறகு அவரே போன் செய்தார். “நீ சாட்சி சொல்லாம உட்கார்ந்துட்ட. எனக்காகவெல்லாம் நிறுத்தாத. உனக்குக் கிடைச்சது எனக்கும் சந்தோஷம்தான்.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அந்த வசனத்த இனிமே எனக்கு அனுப்பாத” என்றார்.

அன்றிரவு எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், 11-ஆம் வசனத்தைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவள், 10-ஆம் வசனத்தைக் கவனித்ததில்லை. அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைக்கிறான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதம் சொல்வது வேறு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள். 70 வருடம் ஆகும். அதற்குப் பிறகுதான் 11-ஆம் வசனம் வருகிறது.

எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க வராது. கடிதத்தை வாசித்தபோது முப்பது வயதாக இருந்தவனுக்குப் பதில் வரும்போது நூறு. அவன் பார்த்திருக்க மாட்டான். அந்த வசனத்தை முதன்முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாவது கட்டம் கடைசிவரை வெறுமைதான். அவர்களுக்குத்தான் “உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்று சொல்லப்பட்டது. நம் மொழிபெயர்ப்பில் “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்று வருவதால், நாம் ஒவ்வொருவரும் அவரவர் எதிர்பார்த்திருப்பதை அதில் நிரப்பிக்கொள்கிறோம். மூலத்தில் “முடிவும் நம்பிக்கையும்” என்று இரண்டு சொல் இருக்கிறது. நான் எதிர்பார்த்தது, கட்டி ஒன்றுமில்லை என்ற அறிக்கை. என் சிநேகிதி எதிர்பார்த்ததும் அதுவே.

வேதத்தில் இருப்பவர்களை இந்த டைரியில் எழுத வைத்தால் என்ன ஆகும் என்று சில நாள் விளையாட்டாக யோசித்துப்பார்த்தேன். ஆபிரகாம் 75 வயதில் புறப்பட்டான், ஈசாக்கு பிறந்தது 100-இல். 25 டைரி வாங்கி, ஒவ்வொரு வருடமும் முதல் பக்கத்தில் “பிள்ளை வேண்டும்” என்று அதையே திரும்ப எழுதியிருப்பான். தாவீது பிள்ளைக்காக உபவாசம் பண்ணித் தரையில் கிடந்தான். ஏழாம் நாள் பிள்ளை இறந்தது. அதற்கு எந்தத் தேதியைப் போடுவது? பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டான். முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்று வந்தது. அது பதில்தான். ஆனால் இந்த டைரியின் மாதக் கடைசிப் பெட்டியில் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா? சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் “இந்தப் பாத்திரம் நீங்கட்டும்” என்று கேட்ட இயேசுவுக்கும் இதே கேள்விதான். “இல்லை” என்று எழுத இங்கே இடமே விடவில்லை. “தெரியவில்லை” என்று எழுதவும் இடமில்லை.

ஒரு மாதம் டைரியைத் தொடவில்லை. அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. அந்த மாதத்தில் நான் ஜெபித்த ஜெபம் ஒன்றுதான், அதுவும் சொந்த ஜெபம் இல்லை. மாற்கு 9-இல் பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் சொன்னது: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” ஒரே வரியில் இரண்டையும் சொல்லிவிட்டான். எங்கள் தொழிலில் ஒரே தொகையைப் பற்றிலும் வரவிலும் எழுதுவதுபோல.

அப்புறம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்றால், பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை. மனதில் இருப்பதை எங்கேயாவது எழுத வேண்டியிருந்தது, மற்ற நோட்டெல்லாம் அலுவலகத்து நோட்டு. ஸ்கேலை வைத்து மூன்றாவது கட்டத்தின் தலைப்பை அடித்தேன். மேலே சிறியதாக “இன்று” என்று எழுதினேன். இரண்டு விதமாக அதை நிரப்புவது என்று வைத்துக்கொண்டேன். அந்தக் காரியத்தில் இன்று நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால், செய்துவிட்டு எழுதுவது. ஒன்றுமே இல்லை என்றால், “உருட்டிவிட்டேன்” என்று எழுதுவது.

கேட்க எளிதாக இருக்கிறது. உண்மையில் “உருட்டிவிட்டேன்” என்று எழுதிவிட்டு இரவு பதினொன்றரைக்கு அதே பாரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்து கட்டிலில் வைத்துக்கொள்வேன். மறுநாள் திரும்ப எழுதுவேன். பல வரிகளுக்கு எதிரே கட்டம் முழுக்க ஒரே சொல் வரிசையாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: முன்பெல்லாம் வெற்றுக் கட்டத்தைப் பார்த்து, ஆண்டவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்று நினைப்பேன். இப்போது அந்தக் கட்டம் என்னைக் கேட்கிறது, நீ இன்று என்ன செய்தாய் என்று. அது அசௌகரியமாக இருக்கிறது. அசௌகரியம் நல்லதற்கா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரமாகிய மன்னா விஷயத்தை நான் எப்போதும் அதிசயமாக மட்டும் வாசித்திருந்தேன். கணக்காக வாசித்தது இந்த வருடம்தான். யாத்திராகமம் 16. தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்குள்ளது மட்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் பூச்சி பிடித்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு, அது கெடாது. அதாவது நாற்பது வருடம் அந்த ஜனங்களுக்குக் கையிருப்பு பூஜ்யம். ஒவ்வொரு இரவும் காலி பாத்திரத்தோடு படுக்க வேண்டும். என் தொழிலில் இதற்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபமும் அப்படித்தான் இருக்கிறது, லூக்காவில் “அன்றன்றும் எங்களுக்குத் தாரும்” என்று. இந்த டைரியில் மாதக் கடைசியில் “நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள்” என்று ஒரு பகுதி இருக்கிறது. பதில் வராததை எல்லாம் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோய் எழுதச் சொல்கிறார்கள். அதை இப்போது எழுதுவதில்லை. ஒவ்வொரு காலையும் புதிதாக எழுதுகிறேன். அதே காரியம்தான், ஆனால் நிலுவையாக இல்லை.

சிநேகிதிக்குச் சிகிச்சை நடக்கிறது. நான் வசனம் அனுப்புவதில்லை. சிகிச்சைக்குப் போகும் நாட்களில் கூடப் போய் உட்காருகிறேன். ஒரு நாள் அவர் என் டைரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறேன் என்று விரலை வைத்து வாசித்தார்: “இன்று: கூட இருந்தேன். குமட்டல். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது.” அதைப் பார்த்துவிட்டு, “ஜன்னல் பக்கத்தையெல்லாமா எழுதுவ?” என்று கேட்டார். பிறகு, “எழுது, எழுது. அது நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். அவருக்கு இந்த டைரியைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று யோசித்து, அட்டையில் இருக்கும் பொன் எழுத்தை நினைத்து விட்டுவிட்டேன். கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் என்ன எழுதுகிறார் என்று நான் கேட்பதில்லை.

போனில் வரும் ஜெபச் செயலிகளையும் ஒன்றிரண்டு போட்டுப் பார்த்தேன், ஒப்பிட வேண்டும் என்பதற்காக. காலையில் மணி அடித்து வசனம் காட்டும், நல்லது. ஆனால் தொடர்ந்து எத்தனை நாள் ஜெபித்தீர்கள் என்று எண்ணி, ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும் வகை எனக்கு ஒத்துவரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு இரவு முழுக்க வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். காலையில் செயலி, “நேற்று நீங்கள் ஜெபிக்கவில்லை” என்றது. அன்றைக்கே எடுத்துவிட்டேன். காகிதத்துக்கு அந்தத் திமிர் கிடையாது.

யாருக்கு இந்த டைரி ஆகும்? புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு, ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஓடுகிறது என்பவர்களுக்கு, நன்றி சொல்ல மறந்துபோகிறவர்களுக்கு நிச்சயம் ஆகும். அந்த 26-ஐ நான் இப்போது ஏளனமாகப் பார்க்கவில்லை. கோப்பு கிடைத்ததற்கு நன்றி சொன்னது நல்லதுதான். எழுதாமல் விட்டிருந்தால் மறந்திருப்பேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கும், நீண்ட நாள் நோயோடு இருப்பவர்களுக்கும் தயவுசெய்து இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். அவர்கள் கையில் மூன்றாவது கட்டத்தைக் கொடுப்பது சரியில்லை. என்னைப்போலக் கணக்குப் பிள்ளைகள் வாங்கலாம், ஆனால் ஸ்கேலும் சேர்த்து வாங்குங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்றால், கட்டுக்கும் அட்டைக்கும் நான்கரை. தாளுக்கு மூன்று. முகவுரைக்கு இரண்டு. மூன்றாவது கட்டத்துக்கு, அச்சடித்தபடி என்றால் ஒன்று. தலைப்பை அடித்த பிறகு என்றால் நான்கு. மொத்தத்தில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கை எடுத்துக்கொண்டால் சராசரி அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும், 37:50-க்காகக் கழித்திருக்கிறேன்.

ஏழாம் எண்ணைக் கேட்பீர்கள். தம்பி இன்னும் பேசவில்லை. முதல் ஆறு மாதம் அந்த வரிக்கு எதிரே ஒன்றுமே இல்லை. மற்றதையெல்லாம் காலைதோறும் புதிதாக எழுதினாலும் இதை மட்டும் அந்தப் பழைய வரியிலேயே எழுதிக்கொண்டு வருகிறேன். அவன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன், நீலக் குறி வந்தது, பதில் இல்லை. அப்பாவின் பழைய படம் ஒன்று கிடைத்தது, அவனும் அதில் இருக்கிறான், அனுப்பினேன். அப்பா விஷயத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை தப்பு என்று எழுதி அனுப்பினேன். அதை அனுப்ப நான்கு நாள் ஆனது, நான்கு நாளும் “இன்று: அனுப்பவில்லை” என்று எழுதியிருக்கிறேன். பிறகு பல நாள் “உருட்டிவிட்டேன்”. போன வாரம் அவன் மகள் என் மகளிடம், அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாளாம். அதையும் எழுதினேன். அந்தக் கட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது, இப்போது பக்கத்தின் ஓரத்தில் மேலே திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிப்பில் அதைக் கொஞ்சம் அகலமாகப் போட்டால் நன்றாக இருக்கும்.